“ஒரு சின்ன யோசனைதான் சார்…”

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கடல்பாசி வாங்கி அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். போன வருஷம் ஒரு மீட்டிங்கில் வாயைத் திறந்தேன். “தப்பா நினைக்கலைன்னா ஒரு சின்ன யோசனைதான் சார். பாசியை மணல்ல போடாம வலை விரிச்சுக் காயப்போட்டா நல்லா இருக்கும்னு தோணுது.” மேனேஜர் “பாப்போம்மா” என்றார். அப்புறம் டீ வந்தது. அவ்வளவுதான்.

பெண்கள் தைரியமாகப் பேச வேண்டும் என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் பெரியம்மா பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிப் பாறையில் பாசி பறிக்கிற ஆளிடம் போய் தைரியம் வேண்டும் என்று சொல்ல முடியுமா? அதே ஊர் லட்சுமிதான் பாசிப் பெண்களின் உரிமைக்காகப் பேசி 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருது வாங்கியவர். இந்தக் கரையில் தைரியத்துக்குப் பஞ்சமில்லை. எதை முதலில் சொல்வது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

நடந்ததைச் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். “ஏன்டி, வியாபாரிகிட்ட போயி ‘அண்ணே, தப்பா நினைக்காதீக’ன்னா வெலை பேசுவோம்? மொதல்ல பாசியை அவுக கையில குடு. அப்புறம் பேசு.”

அடுத்த மீட்டிங்குக்கு இரண்டு பொட்டலம் கொண்டுபோனேன். இரண்டும் கட்டக்கோரை என்கிற ஒரே வகைப் பாசிதான். ஒன்று மணலில் காய்ந்தது, இன்னொன்று பெரியம்மா வீட்டுப் பழைய வலையில் காய்ந்தது. மேஜையில் இரண்டு வெள்ளைத்தாளை விரித்து, பேசாமல் உதறினேன். முதல் தாளில் மணலும் கிளிஞ்சல் தூளும் கொட்டின. இரண்டாவதில் கொஞ்சம் உப்புப் பொடி, அவ்வளவே. “சார், ஒரு கிலோவைச் சலிச்சுப் பாத்தேன், 60 கிராம் மணல். இதைத்தான் மாசாமாசம் லாரி வாடகை குடுத்து அனுப்புறோம். வாங்குற இடத்துல கழிவுன்னு காசையும் பிடிக்கிறாங்க. ஒரே ஒரு கரையில ஒரு மாசம் வலை போட்டுப் பாக்கணும். செலவு இவ்வளவு.” சீட்டை நீட்டினேன். மன்னிப்பும் கேட்கவில்லை, ‘தோணுது’ என்றும் சொல்லவில்லை.

முந்தின நாளே குடோன் சூப்பர்வைசர் அண்ணனிடம் பொட்டலத்தைக் காட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீட்டிங்கில் முதலில் தலையாட்டியவர் அவர்தான். இதைத் தந்திரம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆண்கள் டீக்கடையில் நின்று பேசி முடித்துவிட்டுத்தான் மீட்டிங்குக்கே வருகிறார்கள். அந்த டீக்கடையில் நமக்கு இடமில்லை என்பது தனிப் பஞ்சாயத்து.

மேனேஜர் தாளில் கிடந்த மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். “சரி, ஒரு கரையில போட்டுப் பாருங்க” என்று சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னார். “சார், மினிட்ஸ்ல யோசனை யாரோடதுன்னு என் பேரை எழுதிருங்க” என்றேன். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எழுதும் வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.