ஈஸ்ட் நாளைக்கு வருமாம்

"நாளைக்கு லொறி வரும் அண்ணே." இதைக் கேட்டுக் கேட்டே காது புளித்துவிட்டது. திருகோணமலையில் பேக்கரி நடத்துகிற எவரையும் கேட்டுப் பாருங்கள். மாவுக்குக் குறைவில்லை. கோதுமைக் கப்பல் நம்முடைய துறைமுகத்துக்கே வருகிறது, சீனன்குடாவிலேயே அரைக்கிறார்கள். ஆனால் ஈஸ்ட், மார்ஜரின், பாண் பை எல்லாம் கொழும்பிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வரவேண்டும். ஈஸ்ட் இல்லாத நாளில் மா மூட்டைகளை அடுக்கி வைத்து என்ன பயன்?

தூரத்தை நான் குறை சொல்லவில்லை. என் வயிறு எரிவது, சரக்கு அனுப்புகிற கொழும்புக் கம்பனிக்காரர் போடும் கணக்கைப் பார்த்துத்தான். எனக்கு எவ்வளவு சரக்குத் தருவதென்று அவர்களுடைய ஏஜென்ட் எப்படித் தீர்மானிக்கிறார் தெரியுமா? போன மூன்று மாத விற்பனையின் சராசரி! நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் சனம் குவிவது மே தொடங்கி செப்டெம்பர் வரை. பெப்ரவரி, மார்ச் விற்பனையைப் பார்த்து மே மாதச் சரக்கை அளந்தால் எப்படிக் காணும்? ஹோட்டல்காரர் பணிஸ் கேட்டு நிற்கும்போது "ஸ்டொக் இல்லை" என்று கைவிரிப்பார்கள். ஒக்டோபரில் மழை தொடங்கி, கடற்கரை வெறிச்சோடின பிறகு, சீசன் கணக்கை வைத்துக்கொண்டு மார்ஜரின் பெட்டிகளை வாசலில் இறக்கி, "எடுங்க அண்ணே, டார்கெட் முடிக்கோணும்" என்பார்கள். தெற்குக் கரையில் சீசன் டிசம்பரில். எங்களுக்கு அது வாடைக்காற்றுக் காலம். கொழும்பிலிருந்து அட்டவணை போடுகிறவர்களுக்கு இந்தச் சின்ன நாட்டில் இரண்டு பருவக்காற்று இருப்பது தெரியாதா?

சரி, லொறியே வராவிட்டால்? 2022இல் டீசல் வரிசையில் லொறிகள் கிடந்ததை மறந்தாயிற்றா? 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுக்க வீதிகளையும் ரயில் பாதைகளையும் உடைத்துப் போட்டதே! இதற்குப் பிறகும் ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் ஒரே லொறியை நம்பி ஒரு மாவட்டத்துப் பாண் ஓடுகிறது.

இங்கே ஒரு களஞ்சியம் வைக்கச் சொன்னால் "காசு முடங்கும்" என்கிறார்கள். திறக்காத உலர் ஈஸ்ட் பைக்கற் ஒரு வருடத்துக்கு மேல் கெடாமல் இருக்கும், ஐயா! குளிர்பெட்டிகூடத் தேவையில்லை, காய்ந்த அறை போதும். பாண் சுடுகிற போறணை அணைந்து கிடக்கிற ஒருநாளில் எனக்கு முடங்குகிற காசை யார் எண்ணுவது? வேலையாட்களுக்கு அன்றும் சம்பளம் கொடுக்கவேண்டும். அன்று பணிஸ் கிடைக்காத ஹோட்டல்காரர் அடுத்த வாரம் வேறு இடத்தில் பேசி முடித்துவிடுவார். இரண்டாவது போறணை போட எனக்கும் ஆசைதான். இருக்கிற ஒன்றுக்கே ஈஸ்ட் நிச்சயமில்லாதபோது எந்தத் தைரியத்தில் வங்கிக் கடன் எடுக்கிறது?

மார்ச்சில் வந்து என்னைக் கேளுங்கள். ஹோட்டல்களில் எத்தனை அறைகள் பதிவாகியிருக்கின்றன என்று விசாரித்து, மே மாதத்துக்கு வேண்டியதை நானே எழுதித் தருகிறேன். மழைக்காலத்துக்கு இரண்டு மாத ஈஸ்டை செப்டெம்பர் முடிவதற்கு முன் திருகோணமலையில் இறக்குங்கள். களஞ்சிய வாடகையில் பங்கு தர இங்கே பேக்கரிக்காரர் நாங்கள் தயார்.