மண் வீடு நிற்காது என்பது சரியில்லை
கூலிக்காரர்களின் மண் வீடுகள் காலத்துக்கு நிற்காது, அதனால்தான் பெரிய மனிதர்களின் வீடுகள் மட்டும் நினைவில்லமாகின்றன என்று நினைவில்லங்கள் பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்தில் அல்லோவே ஊரில் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த வீடு, தோட்ட வேலை பார்த்த அவருடைய அப்பா 1757இல் தன் கையாலேயே களிமண்ணில் எழுப்பிக் கூரை போட்டது. நடுவில் ரொம்ப காலம் மதுக்கடையாகக்கூட இருந்தது. 1881இல் பர்ன்ஸ் நினைவுச்சின்ன அறங்காவலர்கள் வாங்கினார்கள், இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. பென்னாகரம் பக்கம் எங்கள் பாட்டி வீட்டுச் சுவர் ஒரு முழம் தடிமன். பழைய கூரையை அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்த வரை அது அசையவில்லை. மாற்றுவதை நிறுத்திய பிறகு மழைத்தண்ணீர் சுவர் தலையில் இறங்கி, முதலில் அடுப்படி மூலை கரைந்தது, அப்புறம் ராகி கொட்டி வைக்கும் குதிர் சாய்ந்தது. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு பாதுகாப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது ஊர் அதிகாரியான முன்சீப்பின் குடும்பத்து வீடு. களி கிண்டிய அடுப்பும் திருகையும் இருந்த இடத்திலேயே இருக்கும் கூலிக்காரர் வீடு ஒன்றாவது நம் மாவட்டத்துக்கு வேண்டும். மண்சுவரில் சிமெண்ட் பூசிவிட்டால் போதும் என்று இங்கே கருத்து எழுதிய ஒருவர் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம், சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து மண்சுவரை உதிர வைத்துவிடும். கூரை வேயத் தெரிந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தவறாமல் வேலை கொடுங்கள்.