கைக்கு அடங்காத நோய்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே எகிப்தியர்கள் மூளை ஆபரேஷன் செய்தார்களாம், ஆங்கில மருத்துவம் அதை மூடி மறைத்துவிட்டதாம். கீழே ஆறு கைகூப்பும் படங்கள். குழுவிலேயே பதில் சொன்னால் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாது. அவர் முகநூலில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஃபார்வர்டுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு சுவடி இருக்கிறது. 1862இல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் எகிப்தின் லக்சரில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளை விலைக்கு வாங்கினார். நீளம் சுமார் 4.7 மீட்டர். கறுப்பு மையும் சிவப்பு மையும் கலந்து எழுதியது. அவர் இறந்த பிறகு மகள் அதை நியூயார்க் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்தார். எகிப்து ஆய்வாளர் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் அதை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்தது. இப்போது அது நியூயார்க் மருத்துவ அகாடமியில் இருக்கிறது. மறைக்கவெல்லாம் இல்லை பெரியப்பா, தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

சுருளை எழுதிய காலம் கி.மு. 1600 வாக்கில். ஆனால் அதுவே ஒரு நகல்தான். மூலம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது என்று மொழிநடை காட்டிக்கொடுக்கிறது. பழைய சொற்கள் படிக்கிறவர்களுக்குப் புரியாமல் போனதால், நடுவில் யாரோ ஒருவர் 69 இடங்களில் உரை எழுதிச் சேர்த்திருக்கிறார். நம் உரையாசிரியர்களின் சொந்தக்காரர் போலிருக்கிறது. எனக்குப் பிடித்த ஓர் இடம்: 'அவனை அவனுடைய முளைக்குச்சியில் கட்டி வை' என்கிறது மூலம். படகைக் கரையில் கட்டும் முளைக்குச்சி. நைல் ஆற்றுக்காரர்களின் பேச்சு. உரைகாரர் விளக்குகிறார்: மருந்து எதுவும் கொடுக்காதே, அவன் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டிலேயே விடு என்று பொருள். அலையட்டும் என்று விடுவதல்ல, அசையாமல் கரையோடு நிறுத்துவது.

சுருளில் இருப்பது 48 நோயாளிகளின் காயங்கள். உச்சந்தலையில் தொடங்கி, மூக்கு, தாடை, கழுத்து, மார்பு என்று வரிசையாகக் கீழே இறங்குகிறது. போரில் அடிபட்டவர்களோ, கட்டடவேலையில் விழுந்தவர்களோ. தலைகுப்புற விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கிய ஒருவன்கூட இருக்கிறான். ஒவ்வொரு காயத்துக்கும் ஒரே ஒழுங்கு: பார், விரலால் தடவு, பிறகு வாய்விட்டுச் சொல். என்ன காயம் என்று மட்டும் சொன்னால் போதாது, மூன்று வாக்கியங்களில் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'இது நான் வைத்தியம் பார்க்கும் நோய்.' 'இது நான் போராடிப் பார்க்கும் நோய்.' 'இது வைத்தியம் பார்க்க முடியாத நோய்.'

மருந்தின் வரலாறு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதல் வாக்கியத்தின் பின்னால்தான் ஓடுகிறார்கள். அங்கே நல்ல விஷயங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. வாய் திறந்தபடியே தாடை நழுவி மாட்டிக்கொண்டவனுக்கு, கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டுத் தாடையெலும்பின் நுனிகளில் வைத்து, மற்ற விரல்களை மோவாய்க்குக் கீழே கொடுத்துப் பின்னால் தள்ளு என்கிறது. இன்றைக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். கிழிந்த காயத்துக்குத் தையல் உண்டு. முதல் நாள் பச்சை இறைச்சி வைத்துக் கட்டு, மறுநாளிலிருந்து தேனும் கொழுப்பும் பஞ்சும். தேன் கிருமியை வளரவிடாது என்பது நமக்குத் தெரியும். காரணம் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் புண் ஆறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மூன்றாவது வாக்கியம். ஆறாவது நோயாளியைப் பாருங்கள். மண்டையோடு பிளந்து மூளை தெரிகிறது. உருக்கிய செம்பின் மேல் விழும் சுருக்கங்கள் போல இருக்கிறது, விரல் வைத்தால் குழந்தையின் உச்சிக்குழி மாதிரித் துடிக்கிறது என்கிறார் மூலத்தை எழுதிய வைத்தியர். மூளை என்ற சொல் முதன்முதலில் எழுத்தில் கிடைப்பது இந்தச் சுருளில்தான். அந்தச் செம்பு உவமை நூலகத்தில் உட்கார்ந்து யோசித்தது இல்லை. பட்டறையையும் பார்த்து, திறந்த மண்டைக்குள்ளும் விரல் வைத்தவர் ஒருவர்தான் அதை எழுத முடியும். அப்படிப்பட்டவர் அடுத்து என்ன சொல்கிறார்? வைத்தியம் பார்க்க முடியாத நோய் என்கிறார். பெரியப்பாவின் மூளை ஆபரேஷன் இதுதான். மண்டையை அறுத்துத் திறப்பது பற்றிச் சுருளில் ஒரு வரி கிடையாது.

கழுத்தெலும்பு நழுவி, கை கால் இருப்பதே தெரியாமல், சிறுநீர் தானாகச் சொட்டுகிறவனுக்கும் அதே தீர்ப்பு. மார்பில் கட்டி வந்தவனின் கதையும் உண்டு. தொட்டால் சில்லென்று இருக்கிறது, சூடு இல்லை, சீழ் இல்லை, பழுக்காத காயைத் தொடுவது போல இருக்கிறது என்று நுணுக்கமாக விவரித்துவிட்டு, வைத்தியம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். மார்பகப் புற்றுநோய் பற்றிய மிகப் பழைய குறிப்பு இதுவாக இருக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள்.

இதைத் தப்பித்துக்கொள்ளும் தந்திரம் என்று சிலர் சொல்லலாம். பழைய உலகில் வைத்தியருக்குப் பயப்படக் காரணமும் இருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் பாபிலோனில் ஹமுராபியின் சட்டம் இப்படிப் போகிறது: வெண்கலக் கத்தியால் அறுத்து மேல்குடி ஆளைப் பிழைக்க வைத்தால் 10 ஷெக்கல் வெள்ளி, அவன் செத்தால் வைத்தியன் கையை வெட்டு. அடிமை பிழைத்தால் 2 ஷெக்கல்தான். நம் பக்கத்திலும் வைத்தியர்கள் சாத்தியம், அசாத்தியம் என்று நோயைப் பிரித்துத்தான் பேசினார்கள். தீராத நோயைக் கையில் எடுக்கும் வைத்தியனுக்குப் பொருளும் கல்வியும் பெயரும் போய்விடும் என்று சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் எச்சரிக்கிறது. அதில் தொழில் பயம் இருப்பது வெளிப்படை.

ஆனால் ஆறாவது நோயாளியின் பக்கத்தை முடிவு வரை படியுங்கள். முடியாது என்று சொன்ன பிறகும் எழுத்து நிற்கவில்லை. காயத்தில் கொழுப்பைத் தடவு, கட்டுப் போடாதே, ஒரு முடிவு தெரியும்வரை பார்த்துக்கொண்டிரு என்று தொடர்கிறது. அதாவது கைவிரித்தாலும் எழுந்து போகவில்லை. பயந்து ஒதுங்குகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து கொழுப்புத் தடவ மாட்டான்.

எங்கள் ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடும் ஒரு கிழவர் இருந்தார். முட்டை வெள்ளைக்கரு, உளுந்துமாவு, மூங்கில் பத்தை, அவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. என் தாத்தா தென்னை மரத்திலிருந்து விழுந்தபோது கட்டிலோடு அவரிடம்தான் தூக்கிப் போனார்கள். இடுப்பிலிருந்து கால்வரை மெதுவாக விரல் ஓட்டிப் பார்த்தார். பாதத்தைக் கிள்ளினார். தாத்தாவுக்குத் தெரியவில்லை. 'இது என் கைக்கு அடங்காது. வண்டி பிடிங்க' என்றார். காசு வாங்கவில்லை. வண்டி வரும்வரை தாத்தாவின் தலையைத் தன் மடியில் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பாட்டி சொல்வாள். அந்தக் கிழவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பல வருடம் கழித்து அப்பாவின் கடைசி மாதத்தில் நாங்கள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். தினமும் ஒரு புது ஸ்கேன், ஒரு புது ஊசி, ஒரு புது பில். கேட்டால் 'பார்க்கலாம் சார்' என்பார்கள். அந்த 'பார்க்கலாம்' மூன்று வாக்கியங்களில் எந்த வாக்கியம் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் வீட்டுக்குக் கூட்டிவந்திருப்போம்.

சரி, பெரியப்பாவுக்கு வருகிறேன். ஹெரடோட்டஸ் என்ற கிரேக்கர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார்: பாபிலோன்காரர்களுக்கு வைத்தியரே கிடையாது, நோயாளியைச் சந்தையில் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள், போகிற வருகிறவர்கள் எல்லாம் யோசனை சொல்வார்கள், வாய் திறக்காமல் யாரும் கடந்து போகக் கூடாது. இது தவறு. அங்கே வைத்தியர்கள் இருந்தார்கள், களிமண் பலகைகளில் அவர்களுடைய மருந்துக் குறிப்புகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் எங்கள் குடும்பக் குழுவில் அத்தைக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று வந்து விழுந்த 43 யோசனைகளைப் பார்த்ததிலிருந்து ஹெரடோட்டஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஸ்மித் சுருள் 48ஆவது நோயாளியோடு நின்றுவிடுகிறது. முதுகெலும்பு சுளுக்கியவன். காலை நீட்டு, மடக்கு என்று சொல்லிப் பார்க்கிறார். வலி. நான் வைத்தியம் பார்க்கும் நோய் என்கிறார். மல்லாக்கப் படுக்கவை, அவனுக்கு நீ செய்யவேண்டியது... அவ்வளவுதான். வாக்கியத்தின் நடுவிலேயே எழுதுகோல் நின்றுவிட்டது. ஏன் என்று தெரியாது. சுருளில் இடம் மிச்சம் இருக்கிறது.

சுருளைத் திருப்பினால் பின்பக்கத்தில் வேறு உலகம். கொள்ளைநோயை விரட்டும் மந்திரங்கள். அப்புறம் கிழவனை வாலிபனாக்கும் ஒரு களிம்புக்கு நீளமான செய்முறை. சுருக்கம் போகும், தோல் மினுங்கும், ஆயிரமாயிரம் முறை பலித்தது என்று சான்றும் போட்டிருக்கிறது. முன்பக்கத்தில் மந்திரம் வருவது 48 பேரில் ஒரே ஒருவனுக்குத்தான்.

பெரியப்பா ஃபார்வர்டு செய்ய வேண்டியது பின்பக்கத்தை.