காக்கா துபாயில், ரிமோட் கீழக்கரையில்

வீட்டு டிவியை வெளிநாட்டிலிருந்து போனில் பார்க்க ஸ்லிங்பாக்ஸ் வாங்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். யாராவது பழைய பெட்டியை விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள். 2005இல் அமெரிக்காவில் வந்த சாதனம் அது. 2022 நவம்பர் 9ஆம் தேதி அதன் சர்வர்களையே நிறுத்திவிட்டார்கள்.

கீழக்கரையில் எங்கள் வீட்டிலும் அதே வேலையைச் செய்யும் வேறொரு பெட்டி சில வருடம் இருந்தது. துபாயில் வேலை பார்க்கும் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கி வந்தது. செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை அதில் சொருகிவிட்டு, நுனியில் சின்னக் குமிழ் உள்ள இன்னொரு வயரை செட்டாப் பாக்ஸின் கண்ணுக்கு நேரே ஒட்ட வேண்டும். அந்தக் குமிழ்தான் ரிமோட். காக்கா அங்கே போனில் சேனல் மாற்றினால், இங்கே உம்மா பார்த்துக்கொண்டிருக்கும் சீரியல் போய் கிரிக்கெட் வந்துவிடும்! "மாத்தாதே வாப்பா, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்று உடனே துபாய்க்கு போன் பறக்கும். கடைசியில் காக்காவுக்கென்றே தனி செட்டாப் பாக்ஸ் வாங்கினோம்.

கட்டுரையில் விட்டுப்போனது அப்லோட் வேகம். துபாயில் எவ்வளவு வேகமான நெட் இருந்தாலும் படம் கிளம்புவது நம் வீட்டிலிருந்துதானே? டெலிபோன் லைன் பிராட்பேண்ட் இருந்தவரை டவுன்லோட் பரவாயில்லை, அப்லோட் நொண்டும். ஃபைபர் வந்த பிறகுதான் பந்து எங்கே போகிறது என்று காக்காவுக்குத் தெரிந்தது.

அப்புறம் இந்த உப்புக்காற்று. மொட்டைமாடி டிஷ்ஷின் கனெக்டர் பச்சை பூத்துப் போகும். அதை மட்டும் துபாயிலிருந்து மாற்ற முடியாது, நான்தான் ஏணி ஏறுவேன்.