அந்தப் பொத்தைக்கு என்ன பெயர்?

சென்ற ஆண்டு ஆடிச் சாரலுக்கு என் அக்காவும் அத்தானும் மகளோடு சென்னையிலிருந்து குற்றாலம் வந்திருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். மறுநாள் காலையில் பேரருவியில் வெள்ளம் பெருகிவிட்டதால் குளிக்கத் தடை விதித்துவிட்டார்கள். ஈரத்துண்டுகளைப் பார்த்துக்கொண்டு அறையில் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனமில்லை. கல்லூரியில் படிக்கும் என் மருமகளோ, எந்தெந்தப் படம் எங்கெங்கே எடுத்தது என்று கைப்பேசியில் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். ஆகவே ஆளுக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு 'ஷூட்டிங் ஸ்பாட்' எல்லாம் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன ஒரு வேனில் ஏறினோம். அன்றைக்கே எழுத நினைத்தது இது. அடுத்த சீசன் நெருங்கிவிட்டதால் இப்போதாவது எழுதுகிறேன்.

ஓட்டுநர் கலகலப்பான மனிதர், அவரைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் காட்டிய மரம் எது, பாலம் எது என்று நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். பட்டியலில் பாணதீர்த்தம் அருவியும் இருந்தது. அது காரையாறு அணையின் நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது. அந்த மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் நினைத்தபோது வேனை ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. இது வேன்காரர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். பாபநாசத்தில் சோதனைச் சாவடிக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டிய ஓட்டுநர், மேகம் மூடிக் கிடந்த மலையைக் கையால் காட்டி, "அந்தா தெரியுதுல்லா, அதுக்குப் பின்னால உள்ள அருவியிலதான் அண்ணாச்சி ரோஜா படத்துப் பாட்டு எடுத்தாங்க" என்றார். மருமகள் மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அதே பாட்டு தங்கள் அருவியில் எடுக்கப்பட்டது என்று ஒகேனக்கல் பக்கத்திலும் சொல்வார்கள். இதில் யாரும் பொய் சொல்லியாக வேண்டியதில்லை, ஏனென்றால் பாட்டு அப்படித்தான் எடுக்கப்படுகிறது. பல்லவியின் ஒரு வரிக்கு ஓர் ஊர், அடுத்த வரிக்கு இன்னோர் ஊர் என்று துண்டு துண்டாக எடுத்துத்தான் கோர்க்கிறார்கள். 1992இல் வந்த அந்தப் படத்தில் நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். ஆனால் காஷ்மீராக நாம் பார்த்ததோ மணாலியும் நீலகிரியும். 2015இல் வந்த 'பாபநாசம்' எங்கள் ஊர்ப் பேச்சை எவ்வளவோ கவனத்தோடு பேசியது என்றாலும், அதன் ஒரு பகுதி, மலையாள மூலப்படமான 'திருஷ்யம்' எடுக்கப்பட்ட கேரளத்துத் தொடுபுழைப் பக்கத்திலேயே படமாக்கப்பட்டது. 'இங்கேதான் எடுத்தது' என்ற ஒற்றை வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை வேனில் ஏற்றுவது ஏன் போதாது என்பதற்காகவே இதையெல்லாம் சொல்கிறேன். ஒளிப்பதிவாளர்கள் இந்தப் பக்கம் ஏன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அன்று முழுவதும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்க எவ்வளவோ இருந்தது.

ஆரியங்காவுக் கணவாய்தான் அதற்கு முதற்காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து நிற்பதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஆனி, ஆடியில் காய்ந்து கிடக்கும்போது, மலை தாழ்ந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகக் காற்றும் சாரலும் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வரை வந்து இறங்குகின்றன. வெயில் நேராக விழாமல் மேகத்தில் வடிகட்டி வருவதால் நண்பகலிலும் முகத்தில் கறுத்த நிழல் விழுவதில்லை. முன்னால் தட்டையான பச்சை வயல், பின்னால் சட்டென்று எழும் நீலமலை. அங்கிருந்து கிழக்கே போனால் தாமிரபரணியின் நெல்வயல்களும் வாழைத்தோட்டங்களும், அதற்கும் கிழக்கே தேரி என்னும் செம்மணல் மேடுகள், கடைசியில் கடல். காலையில் மலையடிவாரத்தில் ஒரு காட்சியை முடித்துவிட்டு மாலையில் கடற்கரையில் இன்னொன்றை எடுக்கலாம் என்றால் எந்தத் தயாரிப்பு மேலாளர்தான் வேண்டாம் என்பார்?

அன்று பிற்பகல் சுந்தரபாண்டியபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். தென்காசியிலிருந்து சாம்பவர்வடகரை, சுரண்டை போகும் வழியில் இருக்கிற ஊர். ஆடி மாதத்தில் சாலையின் இரு புறமும் சூரியகாந்தி பூத்திருக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கேரளத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஊரை ஒட்டி ஒரு பாறைக்குன்று இருக்கிறது. இப்படிப்பட்ட குன்றை எங்கள் பக்கத்தில் பொத்தை என்பார்கள். 2005இல் வெளிவந்த 'அந்நியன்' படத்தின் பாட்டு ஒன்றுக்காக வீடுகள், லாரிகள் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வண்ணம் பூசியபோது, அந்தப் பாறையிலும் நடிகர்களின் முகங்களைப் பெரிது பெரிதாக வரைந்தார்கள். வீடுகளின் வண்ணம் போய்விட்டது, பாறையில் தீட்டிய முகங்கள் மங்கி நிற்கின்றன. இன்றைக்கு அதன் பெயரே அந்நியன் பாறை. அதற்கு முன்னால் என்ன பெயர் என்று ஓட்டுநரைக் கேட்டேன். "முன்னால யாரு இங்க வந்தா?" என்று சிரித்துவிட்டார்.

எங்கள் வேனிலிருந்து இறங்கியவர்களும் முன்பே நின்ற மூன்று வேன்களின் கூட்டமும் வயலுக்குள் இறங்கினார்கள். கைப்பேசியில் சாலை தெரியாமல் பூ மட்டும் தெரிய வேண்டுமானால் பாத்தியின் நடுவே போய் நின்றுதான் ஆக வேண்டும் போலிருக்கிறது. சூரியகாந்தி அழகுக்காக வளர்க்கும் செடி அல்ல, எண்ணெய் வித்துப் பயிர். பூவை உலுக்கினால் மணி பிடிப்பது குறையும், தண்டு ஒடிந்தால் அந்தச் செடியின் மகசூல் அதோடு முடிந்தது. சற்றுத் தள்ளி ஒரு விவசாயி வரப்போரம் கயிறு கட்டி, உள்ளே வர ஆளுக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். "வயலைப் பார்க்கக்கூடக் காசா?" என்று முணுமுணுத்தார்கள், வேனுக்கு 600 ரூபாய் கொடுத்தவர்கள். என் அத்தானும் முணுமுணுத்தார் என்பதை அக்கா இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மனம் கேட்காமல், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூவெல்லாம் போய் அறுவடையும் முடிந்த பிறகு, மோட்டார் சைக்கிளில் தனியாகப் போனேன். சாலையில் ஒரு வேன்கூட இல்லை. தேநீர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ஏதோ ஒரு படத்தில் ஊர்க்கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர். மூன்று நாள் பேட்டாவும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்ததாம். படத்தில் அவருடைய தோள்பட்டை மட்டும் வருகிறதாம். பாறையைப் பற்றிக் கேட்டேன். "பொத்தைக்கு எதுக்குத் தம்பி தனியா ஒரு பேரு? ஆட்டை எங்கல பத்தியிருக்கன்னு கேட்டா, பொத்தைக்கின்னு சொன்னா எல்லாருக்கும் வெளங்கும்" என்றார்.

தேநீரைக் குடித்துவிட்டு அவரே என்னை நடத்திக்கொண்டு போனார். நான் மலையைப் பார்த்தபடி நின்றேன். அவர் என் தோளைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினார். கேமரா நின்ற இடம் இது, ஜெனரேட்டர் வண்டி நின்ற இடம் அது, சமையல்காரர்கள் அடுப்பு மூட்டியது அந்தக் களத்துமேட்டில் என்று அவர் காட்டியவை எல்லாம் திரையில் ஒருபோதும் வராத பக்கத்தில் இருந்தன. ஒரு மழைக்காட்சி எடுத்த கதையையும் சொன்னார். அன்றைக்கு நிஜமாகவே சாரல் அடித்துக்கொண்டிருந்ததாம். இருந்தாலும் தண்ணீர் லாரி கொண்டுவந்து, குழாய் பிடித்து மழை பெய்வித்தார்களாம். "மழையிலயே நின்னுக்கிட்டு மழையைத் துட்டு குடுத்து வாங்குனானுவ" என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வியந்துகொண்டிருந்தார். அவர் கேலி செய்தாலும் அதில் தொழில் இருக்கிறது. மெல்லிய சாரல் கேமராவில் சரியாகப் பதிவதில்லை. பெரிய துளிகளாக விழ வேண்டும், அவற்றின் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், அப்போதுதான் திரையில் மழை மழையாகத் தெரியும். 600 ரூபாய் கொடுத்து ஒரு நாள் முழுக்கச் சுற்றியபோது கிடைக்காத பாடம் ஒரு தேநீரில் கிடைத்தது. அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

வழிகாட்டியோடு போவதா, தனியாகப் போவதா என்று மருமகளின் தோழிகள் என்னைக் கேட்டிருந்தார்கள். யாருடைய மண்ணில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அவர்களுக்குச் சொன்னேன். நியூசிலாந்தில் மாட்டமாட்டா என்ற ஊருக்கு அருகே ஒரு குடும்பத்தின் ஆட்டுப்பண்ணையில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் ஹாபிட் என்னும் குள்ளர்களின் கிராமம் ஒன்றை 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்காக அமைத்தார். அது பிறகு நிலையான கட்டுமானமாகவே மறுபடி கட்டப்பட்டு, இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து பார்க்கும் இடமாகிவிட்டது. ஆனால் அங்கே யாரும் தன் போக்கில் நுழைய முடியாது. சீட்டு வாங்கி, குறித்த நேரத்தில், வழிகாட்டியின் பின்னால்தான் போக வேண்டும். சுற்றுலாவில் பண்ணைக்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது. எங்கள் பக்கத்திலோ படம் எடுத்தவர்கள் வாடகை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள், வேன்காரர்கள் கட்டணம் வாங்குகிறார்கள், பூவைப் பயிரிட்டவர் மட்டும் கையில் கம்போடு வரப்பில் நிற்கிறார். கயிறு கட்டிய அந்த விவசாயி செய்ததுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நாலு பேர் சேர்ந்து ஒழுங்காகச் செய்யலாம். சாலையோரத்து வயல் ஒன்றில் நடைபாதை விட்டே விதைக்கலாம், ஊர்ப் பிள்ளைகளில் இரண்டு பேரைப் பெரியவரிடம் கதை கேட்டு வரச் சொல்லலாம், வேன் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊருக்கு வாங்கலாம். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

தனியாகப் போகத் தகுந்த இடங்களும் உண்டு. மணல்மேட்டின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணப்பாட்டுக்கு என் ஓட்டு. மணிரத்னத்தின் 'கடல்' (2013) அங்கே எடுக்கப்பட்டது. அதைத் தேடிப் போகிறவர்கள் ஆலயத்தை அடுத்துப் பாறைச் சரிவில் இருக்கும் குகையையும் பார்த்துவிட்டு வர வேண்டும். 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கிய குகை என்று ஊரார் அதைப் போற்றுகிறார்கள். பொதுவழி, திறந்த கடற்கரை, கேட்டால் சொல்லும் மீனவர்கள். வேன் தேவையில்லை.

படமே எடுக்காத ஓர் இடத்தையும் இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு ஆசை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தின் போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டவை. எங்கள் கரிசல் மண்ணின் போரை ராஜஸ்தானத்து மணலில் பார்த்துத்தான் நாங்கள் புல்லரித்தோம். ஆனால் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், அவராக நடித்த சிவாஜி கணேசன் தம் பணத்தில் நிலம் வாங்கி 1970இல் சிலை நிறுவினார். திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகும் நாற்கர வழியில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஊர். எந்தப் பாட்டிலும் வராது, ஆகையால் எந்த வேனும் நிற்பதில்லை. ஒரு நடிகர் தாம் ஏற்ற வேடத்தின் கடனை அந்த மண்ணுக்கே வந்து தீர்த்த இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொரு வகை இடத்துக்கு யாரும் வேன் விடக் கூடாது என்று நினைக்கிறேன். 2024இல் வந்த மாரி செல்வராஜின் 'வாழை', வாழைத்தார் சுமந்து கூலி வாங்கியவர்கள் லாரி விபத்தில் மாண்ட உண்மை நிகழ்விலிருந்து பிறந்த படம். அது வந்த சில நாட்களிலேயே, "அந்த இடம் எங்கே, லொகேஷன் அனுப்புங்கள்" என்று எனக்கு மூன்று பேர் செய்தி அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை. ஆற்றங்கரை வாழைத்தோட்டங்களைப் பார்க்க வேண்டுமானால் பேருந்தில் ஏறித் திருச்செந்தூர்ச் சாலையில் போனால் போதும், இரு பக்கமும் வாழைதான். இறந்தவர்களின் வீட்டார் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் வாசலில் போய் நின்று கைப்பேசியைத் தூக்குவதற்கு எந்தப் படமும் நமக்கு உரிமை கொடுத்துவிடவில்லை.

இந்த ஆடிக்கும் அக்கா குடும்பம் வருகிறது. கயிறு கட்டிய விவசாயியிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு மேல், எட்டரைக்குள், வெயில் ஏறுவதற்கு முன் வரச் சொல்லியிருக்கிறார். ட்ரோன் கூடாது, பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது, ஆளுக்கு 20 ரூபாய். பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவருக்கான கூலியை இம்முறை மருமகள் கையால் கொடுக்கப்போகிறோம். அத்தானின் 20 ரூபாயை நானே கட்டிவிடுகிறேன்.