கலக்காதீங்கப்பா!

(சமையல்கட்டு. கண்ணாடி டிரேல உருக்கின வெண்ணெய், அது மேல மகள் மாவை ஊத்திக்கிட்டு இருக்கா. பக்கத்துல அப்பா, கைல கரண்டியோட. அவரை யாரும் கூப்பிடல, அது வேற விஷயம்.)

அப்பா: என்னம்மா இது, வெண்ணெய் ஒரு பக்கம் மிதக்குது மாவு ஒரு பக்கம் கெடக்குது, ஒரே ஒரு கலக்கு கலக்கிடட்டா?

மகள்: ஐயோ கலக்காதீங்கப்பா! இது பீச் காப்ளர், பழமும் மாவும் சேந்து வேகற ஒரு இனிப்பு. இதை இப்படித்தான் செய்யணும், மாவு மேல பழத்தை பரப்பி அப்படியே ஓவன்ல வெச்சுடணும்.

அப்பா: நீ காட்டுன போட்டோல மாவுல்ல மேல இருந்துச்சு?

மகள்: அது தானா மேல வரும்ப்பா. ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டிருக்கேன்ல, சூடு பட்டதும் கேஸ் வந்து மாவு உப்பி பழத்தை சுத்தி ஏறும், பழம் கீழ முங்கிடும்.

அப்பா: ஓஹோ. நாம ஒரு வரிசைல உக்கார வெப்போம், கதவை சாத்தினதும் அதுங்க எடம் மாறிக்கும். எங்க ஆபீஸ் மீட்டிங் மாதிரி. சரி, மாவுல என்னென்ன?

மகள்: மைதா ஒரு கப், சர்க்கரை ஒரு கப், பால் ஒரு கப், கொஞ்சம் உப்பு.

அப்பா: எல்லாமே ஒரு கப்பு. இதுக்கா ராத்திரி பூரா வீடியோ பாத்த?

மகள்: அந்த பீச் கிண்ணத்தை எடுங்க.

அப்பா: இதுல யாரும்மா தண்ணி ஊத்தினது? நான் ஊத்தல, இப்பவே சொல்லிட்டேன்.

மகள்: யாரும் ஊத்தலப்பா, நறுக்கி சர்க்கரை போட்டு வெச்சா பழமே தண்ணி விட்டுடும். அந்த ஜூஸ் கெட்டியாகணும்னுதான் கார்ன்ஃப்ளார் ஒரு ஸ்பூன் போட்டிருக்கேன், கூட எலுமிச்சை சாறு.

அப்பா: தண்ணிய வரவழைக்கறதும் நீ, அதை கெட்டியாக்கறதும் நீ. பேசாம சர்க்கரையே போடாம இருந்திருக்கலாம்.

மகள்: தள்ளுங்க, ஓவன் 180 டிகிரி சூடாயிடுச்சு. கீழ ஒரு தட்டு வெக்கறேன், ஜூஸ் பொங்கி ஓவன்ல வழிஞ்சா கருகி வீடு பூரா புகை. நாப்பத்தஞ்சு நிமிஷம், நீங்க போய் டிவி பாருங்க.

(அப்பா டிவி பக்கம் போறார். டிவியை போடக்கூட இல்ல, திரும்பி வந்து ஓவன் கதவுல கை வெக்கறார்.)

மகள்: அப்பா!

அப்பா: சும்மா எட்டிப் பாக்கறேம்மா.

மகள்: எட்டிப் பாக்கத்தான் கதவுல கண்ணாடி வெச்சிருக்கான். திறந்தா சூடு எல்லாம் வெளில போயிடும், இப்பதான் உப்புற மாவு அமுங்கிடும். லைட்டை போட்டு பாருங்க.

அப்பா: (குனிஞ்சு) அடடா முங்குதும்மா! நீ சொன்ன மாதிரியே முங்குது! ஓரத்துல ஒரே ஒரு துண்டு மட்டும் வீம்புக்கு நிக்குது, அதை லேசா ஒரு தள்ளு தள்ளட்டா?

மகள்: கரண்டியை குடுங்க. ம், குடுங்க.

(கரண்டி பறிமுதல். கொஞ்ச நேரத்துல வீடு பூரா வெண்ணெய் வாசனை, அப்பா ஓவன் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்தாச்சு.)

அப்பா: மேல பொன்னிறமாயிடுச்சு, எடுத்துடலாம்.

மகள்: நடுவுல கொதிக்குதா?

அப்பா: ஓரத்துல கொதிக்குது.

மகள்: ஓரம் பத்தாது, நடுவுலயும் கொப்புளம் வந்தாதான் கார்ன்ஃப்ளார் வெந்து ஜூஸ் கெட்டியாகும், இல்லன்னா சூப்புதான். இன்னும் அஞ்சு நிமிஷம்.

(அஞ்சு நிமிஷம் ஆச்சு, டிரே வெளில வந்தாச்சு. பல்குச்சி எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, அப்பா குத்திட்டார்.)

அப்பா: வேகலம்மா! ஈரமா வருது பாரு!

மகள்: பழத்துல குத்தினா ஈரமா வராம என்ன வரும்? மேல மாவு இருக்கற எடத்துல குத்துங்க.

அப்பா: (குத்தி) சுத்தமா வருது. அப்ப கிண்ணம் எடுக்கவா?

மகள்: இருபது நிமிஷம் ஆறணும்.

அப்பா: என்னது! வெந்துடுச்சுன்னு இப்பதானே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்?

மகள்: ஜூஸ் ஆற ஆறத்தான் இறுகும். இப்ப ஐஸ்கிரீம் வெச்சா வெக்கற வேகத்துல உருகி பாயசமாயிடும். வெதுவெதுன்னு இருக்கணும், அப்பதான் ஒரே வாய்ல சூடும் வரும் ஜில்லும் வரும். ஆமா, ஐஸ்கிரீமை அப்புறமா ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வெளில எடுத்து வெச்சா ஸ்கூப் ஈஸியா எறங்கும், ஞாபகப்படுத்துங்க.

அப்பா: அதை நான் அப்பவே எடுத்து வெச்சுட்டேனே.

மகள்: எப்ப?

அப்பா: நீ மாவு ஊத்தறப்போ.

(அமைதி. மகள் டப்பா மூடியை திறக்கறா. உள்ள வெனிலா மில்க்‌ஷேக்.)

அப்பா: இதுக்கு ஏன்மா மூஞ்சிய தூக்கற, திருப்பி ஃப்ரீசர்ல வெச்சா இறுகிடப் போகுது.

மகள்: இறுகும், ஆனா நறநறன்னு ஐஸ் கட்டியாதான் இறுகும். ஐஸ்கிரீம் மெத்துனு இருக்கறதே உள்ள காத்து அடிச்சு வெச்சிருக்கறதாலதான், உருகினா அந்த காத்து போயிடும்ப்பா.

அப்பா: அப்ப நாம காத்துக்கா காசு குடுத்தோம்?

மகள்: ஆமா, அதை நீங்க வெளில விட்டுட்டீங்க.

அப்பா: (தணிஞ்ச குரல்ல) கோவப்படாத. ஃப்ரீசர்ல பட்டாணி பாக்கெட்டுக்கு பின்னாடி பாரு, இன்னொரு டப்பா இருக்கு. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.

(இருபது நிமிஷம் கழிச்சு. ரெண்டு கிண்ணம், வெதுவெதுன்னு காப்ளர், மேல ஒரு ஸ்கூப் வெனிலா, ஓரமா பீச் ஜூஸ்ல வெள்ளையா இறங்க ஆரம்பிச்சிருக்கு. அப்பா குனிஞ்ச தலை நிமிரல.)

மகள்: எப்படி இருக்குப்பா?

அப்பா: ம்.

மகள்: ம்னா? நல்லாயிருக்கா இல்லையா? இனிப்பு சரியா இருக்கா? ஓரத்துல மொறுமொறுன்னு வந்திருக்கா?

அப்பா: சும்மா இரும்மா, உருகுது.