மொழிப் படிப்பும் மொழிபெயர்ப்பு மென்பொருளும்

இயந்திரமே மொழிபெயர்த்துத் தரும் காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஜெர்மனும் ஜப்பானியமும் எதற்கு என்று ஒரு கட்டுரையாளர் கேட்டிருப்பது, சேலத்து ஜவுளி ஏற்றுமதியாளர்களுக்கு ஆவணங்களை மொழிபெயர்த்துத் தரும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 2016-இல் கூகுள் மொழிபெயர்ப்பு, முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்து மொழிபெயர்க்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறத் தொடங்கிய பிறகு வாக்கியங்கள் சரளமாக வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சரளத்தாலேயே பிழைகள் கண்ணில் படாமல் நழுவிவிடுகின்றன. படுக்கை விரிப்புக்கான ஜெர்மன் கொள்முதல் ஆணையில் 1.500 என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு. 1,500 என்று இருந்தால் ஒன்றரை. புள்ளியும் காற்புள்ளியும் அங்கே நம் வழக்கத்துக்கு நேர்மாறு. இதைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் தறிக்காரர் தலையில்தான் விழும்.

முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து வைத்து, அவற்றை ஒத்த வாக்கியம் வரும்போது எடுத்துக்கொடுக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம் எங்கள் வேலைப்பளுவை வெகுவாகக் குறைக்கிறது என்றாலும், அதில் ஒருமுறை தவறாக ஏறியது அடுத்தடுத்த ஆவணங்களிலும் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். (வாடிக்கையாளர்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார் என்பது வேறு கதை.) ஆகவே இலக்கணத்தோடு, இந்த மென்பொருள்களைக் கையாளவும் இயந்திர வரைவைத் திருத்தவும் ஒரு பருவமாவது பயிற்சி தருவது அவசியம். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் இதற்கு மாணவர்களை நேரே இங்குள்ள ஏற்றுமதி அலுவலகங்களுக்கே அனுப்பலாம்.